நோனாவுக்குப் பல்வலி

கொட்டாஞ்சேனையில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடையின் முற்றத்தில் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. நோபேட் குந்தியிருந்து ஒரு வண்டியின் பின்சில்லைத் தடவிப் பார்க்கிறான். அதற்குச் செயின் இல்லை. மூடிய குழாய்க்குள் ஒரு தண்டு சுழன்று சில்லை ஓட்டுகிறது. "எண்ணெய் போடத் தேவையில்லை பேர்ணடெற், உம்மட சாறியிலயும் படாது. கந்தோருக்கும் போகலாம், லீவில தூரப் பயணமும் போகலாம்" என்று மனைவியிடம் தணிந்த குரலில் சொல்கிறான். "தூரமெண்டா மன்னாருக்கோ? முதல்ல ஆமிக்காரனிட்டக் கேளும், ரோட்டைத் திறந்துவிட்டவனோ எண்டு" என்று அவள் சிரிக்கிறாள். உள்ளேயிருந்து முதலாளி வருகிறார். மஹத்தயா என்று மரியாதையாக விளித்து, எந்த ஊர் என்று சிங்களத்தில் விசாரிக்கிறார். "சிலாபம்" என்கிறான் மன்னாரில் பிறந்த நோபேட், பிசகில்லாத சிங்களத்தில். இந்தச் சண்டைக் காலத்தில் தமிழரென்று தெரிந்தால் சந்தேகந்தான். நோனா என்று அவளையும் மரியாதையாக விளித்து, நிறம் பிடித்திருக்கிறதா என்று முதலாளி அவள் பக்கம் திரும்புகிறார். அவளுக்குச் சிங்களம் விளங்கும். ஆனால் வாய் திறந்தால் பேச்சிலேயே தமிழச்சி என்று தெரிந்துவிடும். "நோனாவுக்குப் பல்வலி, பேச ஏலாது" என்று நோபேட் சிங்களத்தில் முந்திக்கொள்கிறான். பேர்ணடெற் அவனை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு மெல்லக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். "அனே!" என்று முதலாளி மனமிரங்கி, உள்ளே போய் ஒரு கராம்பு கொண்டுவந்து நீட்டுகிறார். அவள் வாங்கிக் கடிக்கிறாள். காரம் ஏறி அவள் கண்கள் நிறைகின்றன. எரிகிறதா என்று கேட்க நோபேட்டின் நா எழுகிறது. அவளிடம் அப்படிக் கேட்க அவனுக்குத் தமிழ்தான் வரும்; முதலாளி பக்கத்தில் நிற்கிறார். அவன் கேட்கவில்லை.