யார் கைவேலை இது

"நல்லா வெளிச்சத்துல வச்சுப் பாரும்மா. இது உன் புருஷன் கைவேலையா, இல்லையா?"

அதிகாரி ட்ரெஸ்லர் மேசையில் கிடந்த ரொட்டியை ஒதுக்கிவிட்டு அந்தச் சிவப்புப் பலகையை வைத்தார். உள்ளங்கை அகலம்தான். கல்லாக இறுகச் சுட்ட மண்ணில், சிறகு விரித்த தேவதூதன் ஒருவன் புடைத்து நின்றான். எல்லைப் பக்கம் கிடைத்ததாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார்.

அந்தச் சிவப்பு மண்ணின் பக்குவம் கோட்டைக்குள் அரசர் நடத்தும் பட்டறைக்கு மட்டுமே தெரியும். ரகசியம் கசிந்துவிடும் என்று, உள்ளே போன வேலைக்காரனை வெளியே விடமாட்டார்கள். ஒட்டிலியின் கணவன் மெல்கியோர் போன குளிர்காலத்தில் மதிலேறிக் குதித்து ஓடிப்போனான். அன்றிலிருந்து ரொட்டிக்கடைக்குப் போனாலும் அவளுக்குக் கேலிதான். உன் ஆள் எல்லைக்கு அந்தப்புறம் எந்தப் பிரஷ்யாக்காரிக்குத் தேநீர்க் கூஜா செய்கிறானோ என்பார்கள்.

ஒட்டிலி பலகையைப் பின்பக்கம் திருப்பினாள். ஈரமண்ணை அச்சில் அழுத்திய பெருவிரல் தடம் அப்படியே வெந்து கிடந்தது. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். குறுக்கே தழும்பு ஓடிய அந்த விரலை அவளுக்கா தெரியாது?

ஆமாம் என்று சொன்னால் எல்லையெங்கும் படை தேடும். விலங்கு மாட்டித்தான் இழுத்து வருவார்கள்.

"அவர் செஞ்சது இல்லீங்க ஐயா. அவரு செஞ்சா தேவதூதன்கூட வாத்து மாதிரிதான் இருப்பான்."

ட்ரெஸ்லர் பெருமூச்சு விட்டார். "கோட்டையில அவன் கூட்டாளிங்களும் ஒருத்தன் பாக்கியில்லாம இதையேதான் சொன்னாங்க. உன்னைத்தான் நம்பி வந்தேன்."

"எதுக்குங்க ஐயா?"

"அவன் எப்பவோ பிடிபட்டுட்டாம்மா. இதை நான்தான் செஞ்சேன்னு கொட்டடியில சத்தியம் பண்றான். செஞ்சு காட்ட அங்க மண்ணுமில்ல, சூளையுமில்ல. உண்மையா இருந்தா மன்னிச்சுக் கூட்டிட்டு வாங்க, இப்படி ஒரு கை கிடைக்காதுன்னு அரசர் சொல்லியிருக்காரு. இல்லேன்னா, பட்டறைப் பொருளைத் திருடிட்டு ஓடினவன். தூக்குதான்."

ஒட்டிலி பலகையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இது அவர் செய்ததுதான், இது அவர் விரல்தான் என்று கதறினாள்.

ட்ரெஸ்லர் அதை அவள் கைகளிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தார்.

"இதைக் கேட்டப்புறம், எந்தப் பொண்டாட்டிதாம்மா இல்லேன்னு சொல்லுவா?"