நரகத்தின் தலைநகர்

"இன்னிக்கு அடுப்படியில முட்டையெல்லாம் கருகி ஒரே பாண்டமோனியம் சார்!" என்றபடி தேநீரை வைத்தாள் தேநீர்க்கடை டோரீன்.

மிஸ்டர் லம்லி பேப்பரை மடித்தார். "அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"ரகளைன்னு அர்த்தம். எங்கம்மா சொல்லுவாங்க."

"ரகளையாம்! முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால, பார்வை போன ஒரு கவிஞர் நரகத்தோட தலைநகருக்கு வச்ச பேரும்மா அது! அத்தனை பேயும் கூடுற மாளிகை. நாலு முட்டை கருகினதுக்குப் போய்ச் சொல்றியே!"

"ஐயோ, அவ்வளவு பெரிய இடத்துப் பேரா!" என்று வாயைப் பிளந்தாள் டோரீன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் இருந்த நெவில் மட்டும் பேக்கன் ரொட்டியைத் தட்டிலேயே போட்டான். ஸ்கிப்டன் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு அவன் டிரைவராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தினமும் இதே கூத்து. ஐம்பது வயசுப் பெண்ணை நாலு பேர் முன்னால் முட்டாளாக்குவதா?

லம்லி வெளியே போனதும் வெடித்தான்.

"அந்தப் பெருசை நான் நாளைக்கு நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன் பாரு!"

"கேட்டுத் தொலைச்சிடாதே கண்ணு!" டோரீன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து தடிமனான அகராதி ஒன்றை எடுத்துக் காட்டினாள். "பெண்டாட்டி போய்ச் சேர்ந்தப்புறம் மனுஷன் வாயைத் திறக்கறதே இங்கதான். கதை உள்ள வார்த்தையா ஒண்ணு தேடிப் பிடிச்சு, தெரியாத மாதிரி எடுத்து விடுவேன்."

"அப்போ, அந்தத் தலைநகர்?"

"நேத்தே படிச்சாச்சு. லைப்ரரியில அந்தக் கவிஞரோட காவியத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன். அதுல பேய்ங்க என்னமா பேசுதுங்க தெரியுமா!"

நெவில் தலையைச் சொறிந்துகொண்டே போய் பஸ்ஸில் ஏறினான். முதல் ஸீட்டில் லம்லி உட்கார்ந்திருந்தார். வேறு ஆளில்லை.

வாயை அடக்க முடியவில்லை. "சார், தினமும் பாடம் நடத்தறீங்களே... ஒருவேளை டோரீனுக்கு அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

லம்லி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"கல்லாவுக்கு அடியில இருக்கே, அந்த அகராதியைச் சொல்றியா?"

நெவிலின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. "தெரியுமா உங்களுக்கு!"

"எம்மேல பாவப்பட்டுத்தான் செய்யறா. அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் சார் தெரியாத மாதிரி..."

"பதினஞ்சு வயசுல படிப்பை விட்டவப்பா அவ. முப்பத்தெட்டு வருஷம் வாத்தியாரா இருந்தேன். பிரம்பெடுத்து மிரட்டினாலும் ஒரு பய அகராதியைத் தொட்டதில்லை. இவ என்னை ஏமாத்தறதுக்காகவே தினமும் படிக்கிறா! நீ பாட்டுக்கு உளறிக் கெடுத்துடாதே. வண்டியை எடு."