நமத்துப்போன ரிவால்வர்

“ரிவால்வர்னா வெடிக்கணும் ராவுத்தரே. வெக்கப்படக் கூடாது.”

சொன்னவர் பசுவந்தனை வன்னியபெருமாள். மேஜைக்கு முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மேஜைக்குப் பின்னால், துப்பாக்கிக் கடைக்காரர் அப்துல் ரவூப். வாசலை ஒட்டிய பெஞ்சில், சாட்சிக்கென்று கூட்டி வந்திருந்த நல்லக்கண்ணு; வன்னியபெருமாள் மனைவியின் தம்பி. உள்ளே பட்டறை முக்காலியில், ரவூபின் தம்பி சம்சுதீன்.

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயில் கோவில்பட்டி பஜாரை அடித்துப் போட்டிருந்தது. பேசுகிறவர்களுக்கும் அலுப்பு, கேட்கிறவர்களுக்கும் அலுப்பு.

மேஜை மேல் ரிவால்வர் கிடந்தது. கப்பலில் வந்த விலை குறைந்த ரகம்.

“நம்ம ஊருத் தீப்பெட்டியில ஒரு குச்சி நமத்தா அடுத்த குச்சியாவது பத்தும். இதுல அத்தனையும் நமத்துப்போச்சு” என்றார் வன்னியபெருமாள்.

“எதைச் சுட்டீங்க அண்ணாச்சி?” ரவூப் பேனாவைத் திறந்தார்.

“பன்னியை. எத்தனை தடவை விரட்டினாலும் பொழி வரப்பைத் தாண்டி என் புஞ்சைக்குள்ள வருது. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். அன்னைக்கு நேருக்கு நேரா நின்னு இழுத்தா, டிக், டிக்குங்குது. அது என்னை ஒரு பார்வை பாத்துட்டு மெதுவா நடந்து போகுது. இந்த நல்லக்கண்ணும் பாத்துக்கிட்டுத்தான் நின்னான். சொல்லு மாப்ளே.”

“ஆமா, வெடிக்கல” என்றான் நல்லக்கண்ணு, தரையைப் பார்த்தபடி.

சம்சுதீனுக்குப் பொறுக்கவில்லை. இந்த ரகத்தைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு உண்டு. ஈயம் என்பார்கள், விளையாட்டுச் சாமான் என்பார்கள். அதற்காகவே விற்கிற ஒவ்வொன்றையும் கொல்லையில் மணல் மூட்டையைப் பார்த்துச் சுட்டுக் காட்டித்தான் கொடுப்பது கடை வழக்கம். இதைச் சுட்டுக் காட்டியது அவன்தான். ஒரு தோட்டாகூடப் பிசகவில்லை.

“விலைதான் அண்ணாச்சி குறைச்சல். வேலை சுத்தமா இருக்கும். அரை நாள் கொடுங்க, பிரிச்சுப் பாத்துச் சரிபண்ணிடுதேன்.”

“நீ கை வைக்காதே” என்றார் ரவூப்.

“அண்ணே…”

“விலை குறைஞ்ச சாமான் இப்படித்தான் சம்சு. இன்னைக்கு வெடிக்கும், நாளைக்குப் படுத்துக்கிடும். இதை நாம வித்திருக்கவே கூடாது.”

கடையின் கல்லாவில் உட்கார்ந்து கடைச் சரக்கையே பழிக்கும் அண்ணனை சம்சுதீன் வாய் திறந்து பார்த்தான். வன்னியபெருமாளுக்கே இது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

“வாயால சொன்னா போதாது ராவுத்தரே. எழுதணும்.”

“எழுதுதேன். கலெக்டருக்கே எழுதுதேன்.”

ரவூப் எழுதினார். மார்ஜின் விட்டு, தேதி போட்டு, ரிவால்வர் நம்பரை இரண்டு முறை சரிபார்த்து எழுதினார். பிறகு சலிப்பே இல்லாத குரலில் வாசித்தார்: “எங்கள் கடையில் விற்ற மேற்படி ரிவால்வர் நம்பத்தக்கதன்று. குறை முழுவதும் எங்களுடையது. ஆயுதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கிரயத்தையும் கொடுத்துவிட்டோம்.”

“அப்ப எனக்கு வேற ஒண்ணு?”

“வேற வாங்கணும்னா கலெக்டர்கிட்ட இருந்து புதுசா உத்தரவு வரணும். அதுக்கு நாளாகும்.”

“எம்புட்டு நாளு?”

“மழை விழுந்துரும்.”

வன்னியபெருமாள் முணுமுணுத்தார். ஆனால் பணம் கைக்கு வந்ததும் எழுந்தார்.

“இந்தக் கடையில சாமான் வாங்குறதுக்குப் பதிலா ஒரு ஓலைவெடி வாங்கிட்டுப் போகலாம்னு விளாத்திகுளம் வரைக்கும் சொல்லுவேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் ரவூப்.

நல்லக்கண்ணு கடைசியாக எழுந்தான். ஒருமுறை ரவூபைப் பார்த்தான். அத்தானின் பின்னால் வெயிலில் இறங்கினான்.

அவர்கள் தலை மறைந்ததும் சம்சுதீன் கடிதத்தைப் பறித்தான். “இது தபாலுக்குப் போகாது. கடைக்குன்னு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான். நாளைக்குத் தோட்டா வாங்கக்கூட ஒரு ஆளு இங்கன ஏற மாட்டான்.”

“தெரியும்லே.”

“தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?”

ரவூப் பேனாவை மூடினார். சம்சுதீன் கோபத்தோடு ரிவால்வரைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தான். குதிரையின் முனையில், தோட்டாவைக் குத்த வேண்டிய ஊசி பாதிதான் இருந்தது.

“அண்ணே, இது தேஞ்சது இல்ல. யாரோ அரத்தைப் போட்டு அராவியிருக்காங்க.”

“நான்தான்” என்றார் ரவூப். கண்ணாடியைக் கழற்றி, கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். “எலெக்சனுக்கு எல்லாரும் துப்பாக்கியை இங்கன ஒப்படைச்சாங்கல்லா. அப்ப அராவினேன்.”

“உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? யாரு சொல்லி?”

“சாட்சின்னு வந்து உக்காந்திருந்தானே, அவன் சொல்லித்தான். போலீசுல சொன்னா அக்கா புருசன் ஜெயிலுக்குப் போவாரு, சும்மா இருந்தா தூக்குக்குப் போவாருன்னு இந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.”

“ஒரு பன்னியைச் சுட்டா தூக்குல போடுவாங்களா?”

“பொழியைத் தாண்டி வந்தது பன்னி இல்ல சம்சு. அண்ணாச்சி கூடப்பிறந்த தம்பி, மாடக்கண்ணு.”

சம்சுதீன் ரிவால்வரைத் துணியில் சுற்றி வைத்தான். பிறகு கசங்கியிருந்த கடிதத்தை நீவி, மடித்து உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, சட்டையை மாட்டிக்கொண்டு தானே தபாலாபீசுக்கு நடந்தான்.