இரண்டாவது புள்ளி

ஒரு கிலோ இரும்புக் குண்டு இறக்கையின் மேல் விழுந்தது. டொப் என்று ஒரே சத்தம். குனிந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை.

அலுமினிய இறக்கை என்றால் அடிபட்டதும் முகத்தைச் சுளித்துக் காட்டிவிடும். கார்பன் இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த இந்த விமான இறக்கை சரியான அழுத்தக்காரி. உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடந்தாலும் வெளியே மூச்சு விடாது.

அந்த அழுத்தக்காரியைப் பேச வைக்கத்தான் பொறியாளரான அவள் ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இறக்கையின் உட்புறத்தில் நகத்தளவு சில்லுகள் நாற்பது ஒட்டியிருந்தாள். ஒன்று மெல்ல அதிரும். மற்றவை அந்த அதிர்வைக் கேட்கும். திங்கட்கிழமை எடுத்து வைத்த அதிர்வுப் படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டு, மாறிப்போன இடத்தை மட்டும் மெஷின் திரையில் சிவப்பாகக் காட்டும்.

பரிசோதனைக் கூடத்தில் மூன்று அதிகாரிகள் நின்றார்கள். இன்று அவர்கள் தலையசைத்தால், அவசர நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களில் இந்தச் சில்லுகள் ஏறும். இல்லையென்றால் ஆறு வருட உழைப்பையும் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

சிவப்புப் புள்ளி வந்தது. குண்டு விழுந்த அதே இடம்.

பின்னாலிருந்து யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

அடுத்த நொடி, இரண்டு முழம் தள்ளி இன்னொரு புள்ளி வந்தது.

கைதட்டல் நின்றது. அங்கே யாரும் எதையும் போடவில்லை.

மூவரில் தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புள்ளி அசையவில்லை. காதைக் கூப்பிடச் சொன்னார்.

காது என்றால் அந்தக் கூடத்தில் ஒரே ஆள்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாணயத்தால் தட்டித் தட்டியே இறக்கைகளுக்கு நாடி பார்க்கும் ஆய்வாளர். அவர் கூடாது என்று கைகாட்டிவிட்டால் எந்த விமானமும் வாசலைத் தாண்டாது.

அவளுடைய கணவரும்கூட.

பத்து நாளாக இருவருக்கும் வீட்டில் உப்பு, காபி, சாவி அளவுக்குத்தான் பேச்சு. அடிப்பதும் நீ, அடித்த இடம் இதுதான் என்று காட்டுவதும் உன் மெஷின், கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே கையெழுத்தில் இருந்தால் எவன் மார்க் போடுவான் என்று அவர் கேட்டிருந்தார். உங்கள் காதுக்கு வேலை போய்விடும் என்ற வயிற்றெரிச்சல் என்று அவளும் வாய்விட்டுவிட்டாள்.

அவர் வந்தார். இரண்டாவது புள்ளி இருந்த இடத்தில் நாணயத்தால் தட்டினார். டிக், டிக், டிக். காதை இறக்கையோடு ஒட்டிவைத்துத் தட்டினார். சுற்றிலும் ஒரு சாண் விடாமல் தட்டினார்.

"சத்தம் சுத்தமா இருக்கு சார். என் காதுக்கு ஒண்ணும் தெரியல."

அவள் பக்கம் திரும்பாமலே பின்னால் போய் நின்றுகொண்டார்.

தலைமை அதிகாரி நல்ல மனிதர். முதல் புள்ளி சரிதானே, இரண்டாவதை இயந்திரக் கோளாறு என்று எழுதிக்கொள்ளலாம், சரிசெய்து தந்தால் அனுமதி கொடுத்துவிடலாம் என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் டீ குடிக்கப் போகலாம்.

அவளுக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. புலி வருது, புலி வருது என்று சும்மா கத்துகிற இயந்திரத்தை யார் வாங்குவார்கள்?

கடைசியாக ஒருமுறை எண்களைப் பார்த்தாள். அந்தப் புள்ளியைச் சுற்றியிருந்த பதினொரு சில்லுகளும் ஒரே இடத்தைக் காட்டின. கோளாறு என்றால் ஒன்றிரண்டு உளறும். பதினொன்றும் ஒன்றுபோல உளறாது.

"கோளாறு இல்ல சார். உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கு. இப்பவே ஸ்கேன் பண்ணிப் பாருங்க."



ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெல் தடவி, துண்டு சோப்பு அளவுக் கருவியை மெல்ல நகர்த்தினார்கள். திரை வெளுப்பாகவே வந்தது. இன்னும் ஒரு விரற்கடை. வெளுப்பு. இன்னும் ஒன்று.

கறுத்தது.

உள்ளங்கை அகலத்துக்கு, மேலேயிருந்து ஒன்பதாவது அடுக்கில், மை கொட்டியதுபோல.

கூடமே திரையின் முன்னால் முண்டியடித்தது. தலைமை அதிகாரி கருவியைத் தானே வாங்கி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் அதே கறுப்பு. அவள் நாற்பத்தோரு வயதையும் மூன்று அதிகாரிகளையும் மறந்து, நின்ற இடத்திலேயே சின்னப் பிள்ளைபோல் குதித்தாள்.

சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தலைமை அதிகாரி தன் பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தார். புதன்கிழமை அவர் மேசைக்கு வந்ததாம். சோதனை முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்ததாம். பிரித்தார். படித்தார். அவளிடம் நீட்டினார்.

பெயரைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. சமையலறைக் கதவில் ஒட்டும் காய்கறிப் பட்டியலில் தினமும் பார்க்கிற கோணல் எழுத்து.

'முன் விளிம்பிலிருந்து நாற்பது சென்டிமீட்டர். செவ்வாய்க்கிழமை மதியம். துணி சுற்றிய சுத்தியல், ஒரே அடி. அடித்தது நான். என் மனைவிக்குத் தெரியாது.

அடித்த இடம் தெரிந்தும் இருபது தடவை தட்டிப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

அவளுடைய மெஷினுக்குக் கேட்டால், தயவுசெய்து எல்லா விமானத்திலும் ஒட்டுங்கள்.'