ஜன்னத் பீவியின் சீட்டு

"ஜன்னத் பீவி யாருங்க? உள்ள வாங்க."

நர்ஸ் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்த இரண்டு வெள்ளைத் துப்பட்டிகளில் ஒன்று எழுந்தது. எழுந்ததே தவிர, நகரவில்லை. "சும்மா கையால தொட்டுப் பாப்பாங்க, போ" என்று மற்றவள் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

"நீங்க யாரு?" என்றாள் நர்ஸ்.

"ஓரகத்தி. பேரு ரமீஜா" என்று துணைக்கு வந்தவள் முனகினாள்.

வராந்தாப் படியில் முகமது இப்ராஹிம் நின்றிருந்தார். அரிமளத்தில் ஜவுளிக்கடை, பஞ்சாயத்தில் துணைத் தலைவர். கடையில் துணியை முழத்தில் அளப்பவர், கூட்டத்தில் பேச்சை மைல் கணக்கில் அளப்பார். பெண்கள் பக்கம் பார்க்கக் கூடாதென்று முதுகைக் காட்டியபடி, கம்பவுண்டரைப் பிடித்துவைத்திருந்தார்.

"என் சம்சாரத்துக்கு ரத்தம் ஒறையாத சீக்கு. பொறந்த வீட்டுச் சீதனம்! அந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு மாருல கட்டி வந்துருச்சுன்னா ரொம்பச் சிக்கலாம். அதனால அப்பப்ப வந்து காட்டிக்கணும்னு முன்ன இருந்த டாக்டரம்மா சீட்டுல சிவப்பு மையில எழுதிட்டுப் போயிருக்காங்க. நான் என்ன செஞ்சேன்? நம்ம ஊருப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், மொதல்ல என் வீட்டுலேருந்துன்னு கூட்டத்துல அறிவிச்சுட்டேன்!"

"அறிவிச்சீங்களா?"

"தீர்மானமாவே போட்டாச்சு!"

பத்து நாளாக ஜன்னத் மாட்டேனென்று அழுதது அந்தத் தீர்மானத்தில் இல்லை. கட்டி என்று ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்கு உயிர்ப்பயம். நேற்று ஓரகத்திகள் இருவரும் அடுப்படியில் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். காலையில் சத்தமில்லாமல் பஸ் ஏறிவிட்டார்கள். தன் பேச்சு ஜெயித்தது என்று இப்ராஹிம் நம்பினார்.

துணைக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் கம்பியில் லேசாகத்தான் இடித்தது, அதற்குள் முழங்கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே போனவள் பாவம், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளைப் போய் இப்படி இழுத்து வந்துவிட்டோமே என்று இவளுக்கு மனசு கேட்கவில்லை.

கால்மணி நேரத்தில் புது டாக்டரம்மா சீட்டோடு வெளியே வந்தார்.

"பாய், இங்கிட்டு வாங்க. உங்க சம்சாரத்துக்கிட்ட இன்னும் சொல்லலை. இடது மார்ல கட்டி இருக்கு. நெல்லிக்காய் பருமன்."

"அறுத்து எடுத்துடுங்களேன்."

"வேற ஒருத்தருக்குன்னா இந்த வாரமே எடுத்துடுவேன், பொழச்சுக்குவாங்க. இதைப் பாருங்க, சிவப்பு மையில போட்டிருக்கு. இந்த ரத்தத்துக்குக் கத்தி வச்சா மேசையிலேயே போயிடுவாங்க. வலிக்கு மாத்திரை தரேன். வீட்டுல மனசு கோணாம பாத்துக்குங்க."

இப்ராஹிம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் நசீபு. மனுசன் கையில என்ன இருக்கு? இதைத்தான் நான் போன கூட்டத்துலயும்..."

துணைக்கு வந்தவள் எழுந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குக் கூசியது.

கம்பவுண்டர் நிற்கிறார் என்றும் பாராமல் துப்பட்டியை முகத்திலிருந்து இழுத்துத் தோளில் போட்டாள். இப்ராஹிமின் பேச்சு பாதியில் அறுந்தது.

"டாக்டரம்மா, தாராளமாக் கத்தி வைங்க. ஜன்னத் பீவி நாந்தான்."