பதினெட்டு வருசத்துக்கு முந்தின மனு

வாசல் வரை வந்து இரண்டு முறை திரும்பிப் போன கோதண்டபாணி, மூன்றாம் முறை ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். திண்டிவனம் பக்கத்து ஸ்டேஷன் அது. எதிரே இருந்த ஏட்டு வேணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கோதண்டபாணி தலையைத் தூக்கவே இல்லை.

"ஒரு திருட்டு மனும்மா. பதினெட்டு வருசம் ஆவுது. அந்தக் காகிதத்த இன்னும் வெச்சிக்கினு இருப்பீங்களா?"

"எஃப்.ஐ.ஆர். போட்டாங்களா?"

"இல்லம்மா. பகல் முழுக்க உக்கார வெச்சு விசாரிச்சு அனுப்பிட்டாங்க."

வேணி சிரித்தாள். "அந்த மாதிரி மனுவெல்லாம் சில வருசம்தான் வெச்சிருப்போம். அப்புறம் உத்தரவு வாங்கி அழிச்சிடுவோம். இனிமே தைரியமா நடங்க ஐயா."

அவர் முகம் இன்னும் தொங்கிப்போனது. "அழிச்சிட்டீங்களா? அதுல ஒரு வரி எழுதித் தரலாம்னு வந்தேன்."

"நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"அந்த மனுவக் குடுத்தவனே நான்தாம்மா."

மடியிலிருந்து ஈரமண் ஒட்டிய சங்கிலி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க கொல்லையில வேலை செஞ்ச இளவரசி மேல குடுத்தேன். நேத்து கிணறு தூர் வாரினோம். சேத்துக்குள்ள இது கிடந்துச்சு."

வேணியின் சிரிப்பு அடங்கியது. "அதான் இங்க ஒண்ணுமே இல்லியே ஐயா. விடுங்க."

"இங்க இல்லம்மா. ஊர்ல இருக்குதே. இன்னிக்கும் அவ கல்யாண வீட்டுக்கு வந்தா, பொம்பளைங்க அவங்கவங்க கழுத்தத் தொட்டுப் பாத்துக்கறாங்க." அவர் சங்கிலியை வேணி பக்கம் நகர்த்தினார். "மொதல்ல தொட்டுப் பாக்கறது எங்க வீட்டுப் பொம்பளைதான்."