ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

"விழுந்தவர் நேர்ல வரணும்மா. அவருக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டா செல்லாது."

குறைதீர்ப்பு அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா சொன்னார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. வெளியே நின்ற பெண்ணும் நகர்வதாக இல்லை.

அவளுக்குப் பின்னால் நின்றவர் ஒரு தையல்காரர். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்க, கடையைப் பூட்டிவிட்டு வந்து காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறார். ஆனாலும் அந்தப் பெண்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வரிசையில் அத்தனை பேரும் "சார், சார்" என்று குழைந்துகொண்டிருக்க, இவள் ஒருத்திதான் "ஏங்க" என்று நிமிர்ந்து நின்று பேசினாள். தைரியசாலிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, எங்க தெருச் சாக்கடைக்கு மூடி இல்லாம மூணு மாசம் ஆச்சு. போன வாரம் எங்க வீட்டுக்காரர் அதுல விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டுடுச்சு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. ஏழு வயசுப் பொண்ணு அந்த வழியாத்தான் போகணும்."

குமாஸ்தாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"புரியுதும்மா. சாதாரண மனுன்னா வரிசைப்படிதான் பார்ப்பாங்க, ஆறு மாசம் ஆகும். அடிபட்டவரே குடுத்தா அது அவசர மனு, ரெண்டே நாள்ல மூடி போட்டாகணும். ஆனா அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு, என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

"சரி, அந்த அவசரப் படிவத்தையாவது குடுங்க."

படிவம் இருந்த அலமாரி அவர் நாற்காலியிலிருந்து மூன்றடி தூரம்தான். அவரோ எழுந்திருக்காமல், மூலையில் தூங்கி வழிந்த பியூனைக் கைதட்டிக் கூப்பிட்டார். பியூன் ஆடி அசைந்து வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றடி நடந்தால் தலையில் இருக்கும் கிரீடம் விழுந்துவிடுமா? இவர்களெல்லாம் நமக்காக வேலை பார்க்கிறவர்களாம்!

"ஏன் சார், கால் அடிபட்ட மனுஷன் எப்படி சார் இங்க வந்து நிப்பார்? உங்க வீட்டு ஆள் ஒருத்தர் அந்தக் குழியில விழுந்திருந்தா, இப்படித்தான் விதி பேசிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"

"அதானே! நல்லாக் கேளுங்க!" என்றது வரிசை.

குமாஸ்தாவுக்கு வேர்த்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"விதியை நானா எழுதினேன்? அது மேல இருந்து வருது. நான் வெறும் ஜன்னல்தானே" என்றார், யாரையும் பார்க்காமல்.

"விடுங்கண்ணே, அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று தையல்காரரைச் சமாதானப்படுத்தினாள் அந்தப் பெண். வாரா வாரம் வந்து வந்து அலுத்தவள் போலிருக்கிறது என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

அவள் படிவத்தை நின்றபடியே நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டாள். பேனாவை மூடாமல் ஜன்னல் பலகையில் தன் பக்கமாகவே வைத்துவிட்டு, குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கிற அந்தக் கட்டுப் போட்ட காலை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க. நம்ம பொண்ணு நடக்கிற வழிங்க அது!"